வெட்டிவிட்ட எர்த் வயர்

சுவாமி ஊர்வலமாகக் கடலாடப் போகிற பங்குனி ஆறாட்டு அன்று மத்தியானம், மணி மூன்றாகப் போகிற நேரத்தில், கரண்டு சேஷனைத் தூக்கிச் சுவரோடு எறிந்தது.

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் அவர் வீட்டு மாடி அறை. மேஜைமேல் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை இரண்டு அங்குலம் நகர்த்தலாமென்று வலது கையை இரும்புப் பெட்டியில் வைத்தார். இடது கை, ஜன்னலை ஒட்டிப் போகிற தண்ணீர்க் குழாயில் பட்டது. அவ்வளவுதான். கண் திறந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தார். இடது தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் யாரோ முறுக்கிப் பிழிந்த மாதிரி இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை.

கீழேயிருந்து அவர் மனைவி விஜயம் ஓடி வந்தாள்.

"என்னன்னா விழுந்தது? என்ன சத்தம்?"

"நான்தான்" என்றார். அதற்குள் அவர் பார்வை மேஜைமேல் இருந்த பெட்டியைவிட்டு, அதன் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்துக்குப் போய்விட்டது. நேற்று வரைக்கும் அங்கே இதேபோல இன்னொரு பெட்டி இருந்தது. அதை நேற்றுக் காலை, விலைக்கு வாங்கிய ஷீனா கொண்டுபோய்விட்டாள்.

"ஐயோ" என்றார் சேஷன். விஜயம் அவர் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். அவர் அந்தக் கையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

சேஷன் ஒரு காலேஜில் பிசிக்ஸ் லேப் அசிஸ்டெண்ட். நான்கு வருஷத்துக்கு முன்னால் லேபின் மூலையில் கிடந்த பழைய மைக் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் தூசி தட்டி ஓடவிட்டபோது, கிட்டார் வைத்திருந்த ஒரு மாணவன் சும்மா அதில் மாட்டி வாசித்தான். சவுண்டை முழுக்கத் திருப்பியதும், பாடிக் கம்மிய தொண்டை போல ஒரு கிழிசலோடு சத்தம் வந்தது. அறையில் இருந்த எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். ஆரியசாலையில் பழைய சாமான் கடைகளில், ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் அலறிய வால்வு செட்டுகள் தூசிபடிந்து கிடக்கும். அவற்றை வாங்கி வந்து, மைக்குக்கென்று இருந்ததைக் கிட்டாருக்கென்று மாற்றி, செத்துப்போன கண்டன்சர்களைக் களைந்து புதிதாக வைத்துக் கொடுப்பார். கிட்டார் வாசிக்கிற பையன்கள் 'சேஷன் சார் செட்டு' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இரைச்சலே இருக்காது என்று அதற்கு நல்ல பெயர். அந்தப் பெயர் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஷீனாவுக்குக் கொடுத்ததும், இப்போது அவரை அடித்ததும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஜோடி. இரண்டிலும் கரண்டு வருகிற வயரிலிருந்து இரும்புப் பெட்டிக்கு ஒரு சின்னக் கண்டன்சர் இருந்தது. அந்தக் காலத்தில் கரகரப்பை அடக்க வைத்தது. அது கெட்டால் கரண்டு நேராகப் பெட்டியில் ஏறும். பெட்டியிலிருந்து கிட்டார்க் கம்பிக்கு, கம்பியிலிருந்து வாசிக்கிறவர் விரலுக்கு. அதற்காகத்தான் பெட்டியை எர்த் வயரோடு கட்டுவது. எர்த் இருந்தால் ஃப்யூஸ் போகும், ஆள் பிழைப்பார்.

ஷீனாவின் பெட்டியில் எர்த் வயர் இல்லை. நேற்று சேஷனே வெட்டிவிட்டார்.

அவளும் அவள் அப்பா ராஜையனும் பாறசாலையிலிருந்து வந்து இதே அறையில் நின்றார்கள். இருபத்துமூன்று வயதுப் பெண். சர்ச்சில் பாடுகிறவள், கிட்டாரும் வாசிப்பாள். எர்த் வயரோடு ஓடவிட்டபோது அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். "இந்த இரச்சல் எப்பளும் இருக்குமா சாமி?" என்று ராஜையன் கேட்டார். சேஷனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் கீழே காப்பி குடிக்கப் போனபோது எர்த் வயரை வெட்டி, முனையில் டேப் சுற்றி உள்ளே மடக்கி வைத்தார். இரைச்சல் நின்றது. பழைய கண்டன்சரை மீட்டர் வைத்துப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. பெட்டி அப்போது சூடாகியிருக்கவில்லை. இன்று அடித்த, இன்னும் எர்த் வயரே கட்டாத பெட்டியும் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மீட்டருக்கு நன்றாகத்தான் இருந்தது.

"அவளுக்கு இன்னிக்குத்தானே புரோக்ராம்?" என்றாள் விஜயம். நேற்று காப்பி கொடுத்தபோது அவளிடம்தான் ஷீனா எல்லாம் சொல்லியிருந்தாள். சர்ச் கிரவுண்டில் இளைஞர் விழா. சாயங்காலம் ஆறு மணிக்கு. திருச்சூரிலிருந்து ஒரு கானமேளா ட்ரூப்காரர், தன் மெல்லிசைக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவள் பாட்டைக் கேட்க வருகிறார்.

"அவ பாடிண்டே வாசிக்கிறவ" என்றார் சேஷன். "கை கம்பியில இருக்கும். வாய் மைக்கில படும். மைக் செட்டுக்கு எர்த் இருக்கும். நடுவில அவ."

விஜயம் புரிந்துகொண்டாள். "போன் பண்ணுங்கோ" என்றாள். 

ராஜையன் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு டீச்சர் செல்லபாயின் நம்பர் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தது. சேஷன் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். மூன்று தடவை மணி முழுக்க அடித்து நின்றது. நான்காவது தடவை ஒரு கிழக்குரல் எடுத்தது.

"ஆரு?"

"திருவனந்தபுரத்துலேர்ந்து பேசறேன். ராஜையன் ஆத்துல... ராஜையன் வீட்டுல யாரையாவது கூப்பிட முடியுமா?"

"எல்லாரும் சர்ச்சுக்குப் போனாவ."

"ஷீனாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ரொம்ப அவசரம். மைக்கைத் தொடப்படாது. கேக்கறதா? மைக்கைத் தொடவே கூடாது."

"மைக்கா? மைக் செட்டுக்காரன் வந்தாச்சு, காலத்தே வந்தான்."

"அதில்லை மாமி. அந்த ஆம்ப்ளிஃபையரை மாட்டப்படாது. கரண்டு அடிக்கும்."

"கரண்டெல்லாம் இருக்கு பிள்ளே. ஜெனரேட்டரும் உண்டு" என்றது குரல். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். ராத்திரி போனில விளியும்."

போன் வைக்கப்பட்டது. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. சர்ச்சின் நம்பரை டைரக்டரியில் தேடினார். எழுத்துகள் மங்கலாக ஆடின. கண்ணாடி மாடியிலேயே கிடந்தது. பூத்துக்காரனைத் தேடச் சொன்னார். ஷீனா சொன்ன பெயரில் நான்கு சர்ச் இருந்தது, பாறசாலையில் ஒன்றுமில்லை.

திரும்பிப் பார்த்தால் விஜயம் அவருடைய கண்ணாடியும் டெஸ்டரும் கையில் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்க நின்றிருந்தாள். "நேரே போயிடுங்கோ" என்றாள். "நான் இங்கேயே நின்னு அடிச்சிண்டிருக்கேன். யாராவது எடுப்பா."

மணி மூன்றே கால்.

ஆறாட்டு நாளில் கோட்டையைச் சுற்றி ஆட்டோ ஓட்டுகிறவன் கிடைத்ததே பெரிய விஷயம். கிடைத்தவனும் அட்டக்குளங்கரை வரைக்கும் வந்து வண்டியை நிறுத்திவிட்டான். முன்னால் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அப்புறம் தலைகள்.

"சேட்டா, ஆறாட்டல்லே. இனி அங்ஙோட்டு போவில்லா" என்றான்.

சேஷன் இறங்கி ஓடினார். நாற்பத்தாறு வயதுக்கு ஓடிப் பழக்கமில்லை. புது வேஷ்டி கட்டிக் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோட்டைப் பக்கம் போகிற கூட்டத்துக்கு எதிராக, தோள்களில் இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பிறகு மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு ஓடினார். தெரிந்தவர் ஒருவர், "என்ன சேஷன், சுவாமி புறப்பாடு அந்தப் பக்கமாக்கும்!" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.  கிள்ளிப்பாலம் தாண்டிக் கரமனையில், நகர ஆரம்பித்திருந்த ஒரு நெய்யாற்றின்கரை பஸ்ஸின் பின் கம்பியைப் பிடித்துத் தொற்றினார். இடது கை இன்னும் சரியாக மூடவில்லை. யாரோ சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

பாலராமபுரத்தில் பஸ் நின்றது. நாலு பக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்து அந்தச் சின்ன ஜங்ஷனில் முட்டிக்கொண்டு நின்றன. முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். டிரைவர் இறங்கிப் போய் பீடி பற்றவைத்தான். சேஷன் வாசலில் நின்று கையிலிருந்த டெஸ்டரைத் திருகிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை இறங்கி நடந்துவிடலாமா என்று நினைத்தார். பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நடப்பதா? தன்னைத்தானே வைதுகொண்டார்.

அவர் மனசு ஒவ்வொன்றாகச் சமாதானம் தேடியது. கண்டன்சர் கெடாமலும் இருக்கலாம். மேடை பலகை மேடையாக இருக்கலாம். ரப்பர் செருப்புப் போட்டிருக்கலாம். செருப்பினால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவருக்கே தெரியும். கை ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம் என்றால் கரண்டு காலுக்கு எதற்கு இறங்க வேண்டும்? லேபில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

நெய்யாற்றின்கரையில் பஸ் மாறினார். பாறசாலையில் இறங்கியபோது ஆறேகால். சர்ச் எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ரோட்டில் நின்றபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

ஷீனா வாசித்துக்கொண்டிருந்தாள். அவருடைய பெட்டிதான். மாடி அறையில் அரை சவுண்டுக்கு மேல் அவர் அதை வைத்ததே இல்லை. இங்கே திறந்த வெளியில், ரப்பர் மரங்களுக்கு மேலே, அது நீளமாக இழுத்து அழுதது. இரைச்சல் கொஞ்சமும் இல்லை. இவ்வளவு நன்றாக ஒரு பெட்டியை அவர் செய்ததே கிடையாது.  பாட்டு இன்னும் தொடங்கவில்லை. முன்வாசிப்பு முடிந்ததும் அவள் மைக்குக்கு வருவாள்.

ஓடினார். கிரவுண்டில் நாற்காலிகளுக்கு நடுவே ஓடினார். மேடையில் ஷீனா வெள்ளைச் சுடிதாரில், கண்ணை மூடிக்கொண்டு, மைக்குக்கு இரண்டடி பின்னால் நின்றாள். "ஷீனா! வேண்டாம்! தொடாதே!" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பேட்ஜ் குத்திய இரண்டு பையன்கள் குறுக்கே வந்தார்கள். ஒருவனைத் தள்ளினார். ஷீனா கண்ணைத் திறந்து ஓரடி முன்னால் வைத்தாள்.

மேடைக்குப் பின்னால் வயர்கள் போகிற வழியே போனார். தரையில் ஒரு பலகை, அதில் ஏழெட்டு பிளக். எது அவளுடையது என்று பார்க்க நேரமில்லை. பலகைக்கு வருகிற தடித்த வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

மேடை விளக்கும் பாட்டும் ஒன்றாக நின்றன. ஒரு நிமிஷம் காக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கூட்டம் கூவ ஆரம்பித்தது. பின்னாலிருந்து வந்த முதல் அடி சேஷனின் பிடரியில் விழுந்தது. இரண்டாவது அடியில் கண்ணாடி போயிற்று.

"குடிச்சிட்டு வந்து கலாட்டா செய்யியான்!"

"பிடிச்சுக் கட்டுலே அவன!"

"லே, விடு! விடுலே!" ராஜையன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "இவரு எனக்குத் தெரிஞ்ச சாமியாக்கும். சாமி, நீங்க எப்பிடி இஞ்ச? என்னத்துக்கு இப்பிடி..."

"அவ மைக்கைத் தொட்டாளா?" என்றார் சேஷன். வாயில் ரத்தம் கரித்தது. "ராஜையன், அவ மைக்கைத் தொட்டாளா?"

ஷீனா மேடையின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். கிட்டார் இன்னும் கழுத்தில் தொங்கியது. ஒன்றும் ஆகவில்லை. சேஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மைக் செட்டுக்காரர் கோமதிநாயகம் வயதான, நிதானமான மனிதர். என்ன விஷயமென்று சேஷன் சொன்னதும், யாரையும் பக்கத்தில் வரவிடாமல், அந்தப் பெட்டிக்கு மட்டும் கரண்டு கொடுத்தார். சேஷனின் டெஸ்டரை வாங்கிப் பெட்டியின் விளிம்பில் வைத்தார். உள்ளே இருந்த சின்ன விளக்கு பளிச்சென்று சிவந்தது. ஷீனா கழற்றி வைத்திருந்த கிட்டாரின் கம்பியில் வைத்தார். அங்கேயும் சிவந்தது.

"மத்தியானம் டெஸ்டு செய்யும்போ உதட்டுல கடிச்சுதுண்ணு நான் சொன்னேனில்லியா அப்பா?" என்றாள் ஷீனா. மைக்கின் மேல் ஒரு கைக்குட்டை சுற்றியிருந்தது. கோமதிநாயகம்தான் சுற்றிக் கொடுத்திருந்தார். "கொஞ்சமாக் கடிச்சுது. பிறகு ஒண்ணும் தெரியல்ல."

கோமதிநாயகம் கரண்டை நிறுத்திவிட்டுப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். பச்சை வயரை விரலால் வெளியே இழுத்தார்.

"இது அறுந்து போனதில்ல" என்றார். "வெட்டி டேப்பு சுத்தியிருக்கு."

எல்லாரும் சேஷனைப் பார்த்தார்கள். ராஜையன் சட்டென்று சொன்னார்: "வேல நடக்கும்போ வெட்டியிருப்பாரு, திரும்பக் கட்ட மறந்துபோயிருக்கும். மனுஷனில்லியா."

தலையை ஆட்டினால் போதும். ஆட்டத்தான் போனார். மைக்கில் சுற்றியிருந்த அந்தக் கைக்குட்டை கண்ணில் பட்டது.

"மறக்கலை" என்றார். "நீங்க காப்பி குடிக்கக் கீழே போனப்போ வெட்டினேன். இரைச்சல் நிக்கணும்னு வெட்டினேன். வெட்டப்படாதுன்னு தெரியும்."

 ஷீனா கிட்டாரிலிருந்து வயரைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"நான் இரச்சலப் பத்தி ஒண்ணும் சொல்லல்லியே சார். அப்பாதான் கேட்டாரு. நான் கொள்ளாம், நல்லாயிருக்குண்ணுதானே சொன்னேன்?"

அவள் அழவில்லை, கத்தவுமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். 

மேடையில் அடுத்த நிகழ்ச்சியை அறிவித்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் டான்ஸ். ஷீனாவுக்கு வேறு பெட்டி இல்லை. திருச்சூர்க்காரர் ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டார். அவர் காரில் ஏறுவதை ஷீனா கேட் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்து, பரவாயில்லை என்கிற மாதிரி கையை அசைத்துவிட்டுப் போனார்.

இருபத்தைந்து கிலோ பெட்டியை ராஜையன் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். சேஷன் பிடிக்கப் போனபோது வேண்டாமென்று தலையசைத்தார்.  பஸ் வந்ததும் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு இறங்கினார்.

"நீங்க ஓடி வந்தீங்க சாமி. அது நான் மறக்கமாட்டேன்" என்றார். "பட்சே, இனி எனக்க மொவள நீங்க பாக்கண்டாம்."

பஸ் கிளம்பியது. காலை ஒட்டி அந்தப் பெட்டி இன்னும் லேசாகச் சுட்டது. நெய்யாற்றின்கரை தாண்டும்போதுதான் அந்த நினைவு வந்தது. சாயங்காலம் முழுக்க ஒரே முகத்தை நினைத்துக்கொண்டிருந்த மனசு கொஞ்சம் விலகியதும், பின்னாலிருந்து மற்றது எழுந்து வந்தது. ஷீனாவுடையது முதல் தடவை இல்லை. இரைச்சல் நிற்காத இரண்டு பெட்டிகளில் இதற்கு முன்பும் எர்த் வயரை வெட்டியிருக்கிறார். ஒன்று நாகர்கோவிலில் சற்குணத்துக்கு. ஒன்று போன வருஷம் வெங்கிடேஷ் என்று ஒரு பையனுக்கு. இரண்டிலும் பழைய கண்டன்சர் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது விஜயம் வாசலில் நின்றிருந்தாள். பூத்தை மூடுகிற வரைக்கும் போன் அடித்திருக்கிறாள். அவருடைய உதட்டையும் கண்ணாடி இல்லாத முகத்தையும் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு?"

"நன்னா இருக்கா."

விஜயம் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பறம் ஏன் இப்படி நிக்கறேள்?"

சொன்னார். இரண்டு பேரைப் பற்றியும் சொன்னார்.  "கார்த்தால முதல் பஸ்ஸுக்குப் போங்கோ" என்றாள் விஜயம். "சாதம் போட்டிருக்கேன். சாப்பிடுங்கோ." அவர் முன்னால் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டு நாகர்கோவில் போனார். சற்குணம் பெட்டியைப் பெருமையாகத் திறந்து காட்டினான். அரை மணி நேரத்தில் கண்டன்சரை வெட்டி எறிந்து எர்த் வயரைக் கட்டினார். "இரச்சல் வருதே சார்" என்றான் அவன். "வரட்டும்" என்றார் சேஷன். தான் என்ன செய்திருந்தார் என்பதையும் சொன்னார். சற்குணம் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த தன் குழந்தையைப் போய்த் தூக்கிக்கொண்டான்.

வெங்கிடேஷ் கிடைக்க நான்கு நாள் ஆயிற்று. வேலை கிடைத்து பெங்களூர் போயிருந்தான். போனில் பிடித்தபோது அவன் சிரித்தான்.

"அது நான் வித்துட்டேனே சார். கொச்சியில ஒரு மியூசிக் கடையில குடுத்தேன்."

கொச்சிக்குப் போனார். கடைக்காரருக்கு நினைவிருந்தது. இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு பையன் வாங்கிப் போனான், பில் வேண்டாமென்றான், தாடி வைத்திருந்தான். அவ்வளவுதான் தெரியும்.

சேஷன் அங்கிருந்தே பத்திரிகை ஆபீசுக்குப் போனார். விளம்பரத்தைக் கையில் எழுதி வைத்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண் படித்துவிட்டு நிமிர்ந்தாள். மலையாளத்தில் கேட்டாள், இது விற்கிறதா, வாங்குகிறதா?

"ரெண்டும் இல்லை" என்றார். "அந்தப் பெட்டியைக் கரண்டில மாட்டாதீங்கோன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

அவள் யோசித்துவிட்டு, 'பலவகை' என்ற தலைப்பின் கீழ் போட்டுக்கொண்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. அடியில் தெருமுனை பூத்தின் நம்பர். பூத்துக்காரன் இரண்டு தடவை அவரை ஓடி வந்து கூப்பிட்டான். இரண்டு தடவையும், பழைய வால்வு செட்டு விலைக்குக் கிடைக்குமா என்று கேட்கத்தான் யாரோ பேசினார்கள். தாடி வைத்த பையன் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு சேஷன் கிட்டாருக்கென்று எந்தப் பெட்டியையும் தொடவில்லை. ஆனால் கேரளத்தில் எங்கேயாவது மேடையில் யாருக்காவது கரண்டு அடித்தது என்று பேப்பரில் வந்தால், பெயரையும் ஊரையும் படித்து முடிக்கிற வரைக்கும் அவர் உட்காரமாட்டார்.